ஸ்டென்ட் இருப்பதைச் சொல்லாமல் பயணக் காப்பீடு எடுக்கலாமா?

கடிதம் எழுதிய வாசகருக்கு வயது 64. பணி ஓய்வு பெற்றவர். ஆறு வாரம் கழித்து மனைவியுடன் 24 நாள் சுற்றுப்பயணம் கிளம்புகிறார்: துபாயில் மூன்று நாள், பிறகு லண்டன், பாரிஸ், சுவிட்சர்லாந்து. பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின், 40 யூனிட் குப்பியிலிருந்து சிரிஞ்சில் எடுத்துப் போடுகிறார். கூடவே மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், டெல்மிசார்ட்டன், மெட்டோப்ரோலால், ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை. மூன்று வருடத்துக்கு முன் இதய ரத்தக் குழாயில் ஒரு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக் குழாய்). கால் எரிச்சலுக்கு ப்ரீகாபலின், மூட்டு வலி தாங்காத நாளில் டிராமடால் கலந்த மாத்திரை, தூக்கம் பிடிக்காத இரவில் அல்பிரசோலாம்.

“ஸ்டென்ட் விஷயத்தைப் படிவத்தில் எழுத வேண்டாம், பிரீமியம் ஏறிவிடும் என்கிறார் ஏஜென்ட். ஊசியைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்களாம். அதனால் மருந்தையெல்லாம் பெரிய பெட்டியில் போடப் போகிறேன். குறைந்தால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஏதாவது பெரிதாக வந்தால் அரசு மருத்துவமனை இருக்கிறது, தூதரகம் இருக்கிறது. இந்த இதயத்தோடு இவ்வளவு தூரம் பறக்கலாமா என்பதுதான் என் ஒரே பயம்” என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, நீங்கள் பயப்படும் விஷயத்தில் பெரிய ஆபத்து இல்லை. நீங்கள் கவலையே படாமல் எழுதியிருக்கும் மற்ற நான்கிலும்தான் இருக்கிறது.

பறப்பதைப் பற்றி முதலில் முடித்துவிடுகிறேன். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பது போலக் குறைந்திருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் சற்றே இறங்கும். சீராக இருக்கும் இதயம் அதைத் தாங்கிக்கொள்ளும். சமதரையில் 50 மீட்டர் நடந்தாலோ, ஒரு மாடிப் படி ஏறினாலோ நெஞ்சு வலியோ பெரிய மூச்சிரைப்போ வரவில்லை என்றால் பெரும்பாலும் பறக்கலாம். கடந்த சில வாரங்களில் புதிதாக நெஞ்சில் இறுக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீக்கம் ஏதாவது இருந்தால் மட்டும் இதய மருத்துவரைப் பார்த்துவிட்டு டிக்கெட்டை உறுதிசெய்யுங்கள். ஸ்டென்ட்டால் விமான நிலைய மெட்டல் டிடெக்டர் அலறாது.

காப்பீட்டுப் படிவத்தில் உண்மை

ஏஜென்ட் சொன்னதைக் கேட்காதீர்கள். இழப்பீடு எப்படி மறுக்கப்படுகிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். நெஞ்சு வலியோடு எந்த ஊர் அவசரப் பிரிவுக்குப் போனாலும் டாக்டர் முதலில் கேட்பது பழைய நோய் வரலாறு. உயிர் பிழைக்க நீங்கள் ஸ்டென்ட் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டாலும் ஆஞ்சியோகிராமில் தெரிந்துவிடும். அது டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் முதல் வரியிலேயே ஏறும். காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் காகிதமும் அதுதான். படிவத்தில் “இல்லை” என்று டிக் செய்த இடமும் அந்த வரியும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படும்போது, இதயத்துக்கான செலவை மட்டுமல்ல, உண்மையை மறைத்த காரணத்துக்காகப் பாலிசியையே செல்லாததாக்க முடியும். பிறகு கால் முறிந்திருந்தாலும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

ஆகவே சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். பிரீமியம் கூடும். ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்றைக் கேளுங்கள். “ஏற்கெனவே உள்ள நோய்க்கும் உண்டு” என்று வாய்மொழியாகச் சொன்னால் போதாது. பல பாலிசிகளில் அது “உயிருக்கு ஆபத்தான நிலையில், நிலைப்படுத்தும் வரை மட்டும்” என்று சுருங்கியிருக்கும். அதற்குத் தனியாக ஒரு சிறிய உச்சவரம்பும் இருக்கும். அந்தப் பத்தியை எழுத்தில் வாங்கிப் படியுங்கள்.

உங்கள் பயணத்துக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. ஷெங்கன் விசாவுக்கு (பிரான்ஸ், சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால், அதற்கென்றே மலிவான பாலிசிகள் விற்கப்படுகின்றன. ஷெங்கன் நாடுகளுக்கு மட்டும் என்று எடுத்த பாலிசி பாரிஸிலும் சுவிட்சர்லாந்திலும் செல்லும்; துபாயிலும் லண்டனிலும் செல்லாது. நான்கு இடமும், கிளம்பும் நாளிலிருந்து திரும்பும் நாள் வரைக்கும், பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, 30,000 யூரோ என்பது விசா அதிகாரி கேட்கும் அடிமட்டம். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு வாரமும் ஒரு ஆஞ்சியோபிளாஸ்டியும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடக்கூடும். படுத்த நிலையில் மருத்துவத் துணையோடு நாடு திரும்ப வைக்கும் செலவு தனி. ஏர் ஆம்புலன்ஸ் என்றால் ஒரு லட்சம் டாலரையும் தாண்டலாம். அதனால் “மருத்துவ இடமாற்றம்”, “உடலை ஊருக்கு அனுப்புதல்” இரண்டும் எவ்வளவு தொகைக்கு என்று பாருங்கள். இரண்டாவதைப் படிக்கவே மனம் வராது, இருந்தாலும் படியுங்கள்.

அரசு மருத்துவமனை, தூதரகம்

வெளிநாட்டு அரசு மருத்துவமனை இலவசம் என்பது பாதி உண்மை, அதுவும் சில இடங்களில். இங்கிலாந்தில் அவசரப் பிரிவில் பார்ப்பதற்குப் பணம் இல்லை. ஆனால் வார்டில் சேர்த்த நிமிடத்திலிருந்து வெளிநாட்டுப் பயணியிடம் வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம் வரை வசூலிப்பார்கள். கட்டாமல் கிளம்பினால் அடுத்த விசாவுக்கு அது இடைஞ்சலாகும். மற்ற இடங்களில் காப்பீட்டுக் கடிதமோ முன்பணமோ கேட்பார்கள்.

தூதரகம் பொதுவாக உங்கள் பில்லைக் கட்டாது. மருத்துவர்கள் பட்டியல் தரும், வீட்டுக்குத் தகவல் சொல்லும், பாஸ்போர்ட் தொலைந்தால் மாற்று ஆவணம் தரும், மரணம் நேர்ந்தால் காகித வேலைகளில் உதவும். எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்ப்பை இந்த அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்சுலின்: பெட்டியில் வேண்டாம், கைப்பையில்தான்

சரக்கு அறையில் குளிர் உறைநிலைக்குப் போகக்கூடும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்தாலும் வீரியம் போயிருக்கும். அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை. ஊசியும் இன்சுலினும் குளூக்கோமீட்டரும் கைப்பையில் அனுமதிக்கப்பட்டவை. 100 மில்லி திரவக் கட்டுப்பாட்டிலிருந்து மருந்துக்கு விலக்கு உண்டு. மருந்துச் சீட்டும் டாக்டர் கடிதமும் கூடவே இருக்கட்டும். சோதனைக்கு முன்பு நீங்களாகவே எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

24 நாளுக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு எடுத்து, பாதியை உங்கள் பையிலும் பாதியை மனைவியின் கைப்பையிலும் வையுங்கள். பயன்படுத்தும் குப்பி 30 டிகிரிக்குக் கீழ் சுமார் நான்கு வாரம் தாங்கும். அதற்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை. திறக்காத குப்பிகளுக்குத் தண்ணீரில் ஊறவைத்துப் பயன்படுத்தும் குளிர் உறை போதும். ஐஸ் பொட்டலத்தை நேரடியாக ஒட்டி வைக்காதீர்கள். ஓட்டல் குட்டி ஃபிரிட்ஜின் பின்சுவர் சில சமயம் உறைய வைத்துவிடும், காலி செய்யும்போது அங்கேயே மறந்தும் போகும். துபாய் வெயிலில் நிறுத்திய காரில் ஒரு மணி நேரம் விட்டாலும் கெட்டுவிடலாம். உருட்டிக் கலக்கிய பிறகும் கட்டியோ துகளோ ஒட்டியிருந்தால் அந்தக் குப்பியைத் தொடாதீர்கள்.

“குறைந்தால் அங்கே வாங்கிக்கொள்ளலாம்” என்பதில்தான் எனக்கு உண்மையான பயம். உங்கள் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். நீங்கள் போகும் நாடுகளின் கடைகளில் கிடைப்பது 100 யூனிட். அதை உங்கள் 40 யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால், உடம்புக்குள் போவது 50 யூனிட், இரண்டரை மடங்கு. மயங்கி விழ அது போதும். இதற்கு நல்ல வழி, இப்போதே உங்கள் டாக்டரிடம் பேசி இதே 30/70 கலவையைப் பேனாவுக்கு மாற்றிக்கொள்வது. பேனா 100 யூனிட்தான், ஆனால் சுழற்றினால் யூனிட்டாகவே காட்டும், கணக்கு தப்பாது. ஆறு வாரத்தில் கை பழகிவிடும். ஊசி போட்டதும் பேனாவிலிருந்து ஊசியைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால் வெப்பமும் அழுத்தமும் மாறும்போது மருந்து கசியும், காற்றுக் குமிழி ஏறும்.

அங்கே மீட்டர் வாங்க நேர்ந்தால் சர்க்கரையைக் காட்டும் அலகு வேறாக இருக்கலாம். மில்லிமோலில் 5.6 என்று காட்டினால் பதறாதீர்கள். 18-ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய 100. 3.9 என்றால் 70, தாழ்சர்க்கரை. 10 என்றால் 180.

நேர மாற்றம் பற்றி: போகும்போது மேற்கே போகிறீர்கள், பகல் நீளும். இரண்டு ஊசிக்கும் இடைவெளி கூடி, சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். திரும்பும்போது கிழக்கு நோக்கி, இடைவெளி சுருங்கும். முதல் ஊசியின் மருந்து உடம்பில் இருக்கும்போதே இரண்டாவது சேர்ந்தால் சர்க்கரை சரியும். அந்த நாளில் எத்தனை யூனிட் குறைப்பது என்பதை டாக்டரிடம் எண்ணாகவே எழுதி வாங்குங்கள். விமானத்தில் சாப்பாட்டுத் தட்டு உங்கள் முன் வந்த பிறகே ஊசி போடுங்கள். விமானம் குலுங்கினால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். நான்கைந்து மணிக்கு ஒருமுறை சோதியுங்கள். நீங்கள் சாப்பிடும் மெட்டோப்ரோலால், தாழ்சர்க்கரையின் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. காரணமில்லாமல் வியர்த்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை.

பிடிபடக்கூடிய மூன்று மாத்திரைகள்

டிராமடால், அல்பிரசோலாம், ப்ரீகாபலின் மூன்றையும் நீங்கள் சாதாரண மாத்திரையாக நினைக்கிறீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் இவை போன்றவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். கொண்டுபோக வேண்டுமானால் கிளம்பும் முன்பே அந்நாட்டு அரசின் இணையத்தளத்தில் மருந்துச் சீட்டோடு விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் பிடிபட்டால் விசாரணை, காவல் வரை போகலாம். பிரிட்டனிலும் இவை கட்டுப்பாட்டுப் பட்டியலில் உண்டு. ப்ரீகாபலின் 2019-இல் சேர்ந்தது. அங்கே மூன்று மாத அளவுக்குக் குறைவாக என்றால் உங்களுக்காக எழுதப்பட்டது என்பதற்கான ஆதாரம் போதும்.

மூன்று நாள் துபாய்க்காக இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்று தோன்றினால், டிராமடாலையும் அல்பிரசோலாமையும் விட்டுவிட்டுப் போவது என் யோசனை. இரண்டும் எப்போதாவது தேவைப்படுபவை. இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். மூட்டு வலிக்கு பாரசிட்டமால் போதுமா என்று இங்கேயே பார்த்துவிடுங்கள். ப்ரீகாபலினைத் தினமும் சாப்பிடுகிறீர்கள் என்றால் சட்டென்று நிறுத்தக் கூடாது. அதற்கு அனுமதி வாங்குங்கள், அல்லது படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற டாக்டரைக் கேளுங்கள்.

எல்லா மருந்தும் அட்டையோடு, கடைச் சீட்டோடு இருக்கட்டும். வாராந்திர டப்பாவில் கலந்து கொட்டிக்கொண்டு போகாதீர்கள். சீட்டில் பிராண்ட் பெயரோடு மூலப்பெயரும் (உள்ளிருக்கும் மருந்தின் பெயர்) வேண்டும், ஏனென்றால் ஒரே பிராண்ட் இரண்டு நாட்டில் இரண்டு மருந்தாக இருக்கலாம். ஃப்ளோமாக்ஸ் அமெரிக்காவில் புராஸ்டேட் மருந்து. இத்தாலியில் அதே பெயரில் வலி நிவாரணி விற்றிருக்கிறார்கள்.

அங்கே உடம்புக்கு வந்தால்

நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, பேச்சுக் குழறல், மயக்கம்: முதல் அழைப்பு ஆம்புலன்ஸுக்கு. டாக்சி பிடித்துப் போவது தவறு. ஆம்புலன்ஸில் வருபவருக்கு வழியிலேயே இ.சி.ஜி. எடுத்து, சரியான மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோவார்கள். பிரிட்டனில் 999 அல்லது 112, பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் 112, நேரடி ஆம்புலன்ஸ் எண்கள் முறையே 15, 144, அமீரகத்தில் 998. காத்திருக்கும் நேரத்தில் ஆஸ்பிரின் 300 மில்லிகிராம், அதாவது உங்கள் 75 மாத்திரை நான்கு, மென்று விழுங்கலாமா என்று தொலைபேசியில் இருப்பவரையே கேளுங்கள்.

இரண்டாவது அழைப்பு காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண்ணுக்கு. அட்மிஷன் போட்ட 24 அல்லது 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது பெரும்பாலான பாலிசிகளின் நிபந்தனை. அவசரம் இல்லாத நோய் என்றால் இதுவே முதல் அழைப்பு. எந்த மருத்துவமனையில் பணமில்லாச் சிகிச்சை (பில்லை நிறுவனமே நேரடியாகக் கட்டுவது) என்று அவர்கள் சொல்வார்கள். இங்கிலாந்தில் அவசரம் இல்லாத சந்தேகத்துக்கு 111.

இந்த அழைப்புகளைச் செய்யப்போவது நீங்கள் அல்ல, உங்கள் மனைவி. நோயாளி நீங்கள்தானே! அதனால் எல்லாக் காகிதமும் எண்ணும் அவர் கைப்பையிலும் அவர் போனிலும் இருக்க வேண்டும். அவர் போனில் அந்த நாட்டில் பேசும் வசதியும் வேண்டும். கிளம்பும் முன் ஒருமுறை அவரையே அந்த உதவி எண்ணைக் கூப்பிட்டுப் பாலிசி எண்ணைச் சொல்ல வையுங்கள்.

அவர் கையில் இருக்க வேண்டியவை: நோய்கள், மருந்துகள், அளவுகள், ஒவ்வாமை அடங்கிய ஆங்கிலத்தில் ஒரே பக்கம், ஸ்டென்ட் அட்டை, சமீபத்திய கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவு, முக்கியமாக, வலி இல்லாத நாளில் எடுத்த ஒரு இ.சி.ஜி. நகல். பலருடைய இ.சி.ஜி.யில் பழைய மாற்றங்கள் நிரந்தரமாக இருக்கும். ஒப்பிடப் பழையது இல்லையென்றால் அவற்றைப் புதிய மாரடைப்பு என்று எண்ணி இரவோடு இரவாக ஆஞ்சியோ செய்ய நேரலாம்; உண்மையான புதிய மாற்றம் பழையது என்று தள்ளப்படவும் கூடும்.

மருத்துவமனையை விட்டு வரும் முன் டிஸ்சார்ஜ் சுருக்கம் ஆங்கிலத்தில், பிரிவு வாரியான பில், பணம் கட்டிய ரசீது, பரிசோதனை அறிக்கைகள் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். ஊர் திரும்பிய பிறகு மின்னஞ்சலில் கெஞ்சி வாங்குவது நடக்காத காரியம். உடனே பறக்க வேண்டுமானால் “பறக்கத் தகுதி உண்டு” என்ற மருத்துவர் கடிதத்தை விமான நிறுவனம் கேட்கும். அவர்களின் படிவத்தை முன்கூட்டியே வாங்கி நிரப்புங்கள்.

வாந்தி, பேதி வந்தால்

ஆன்டிபயாட்டிக் அட்டையை முன்னெச்சரிக்கையாகக் கொண்டுபோவது பற்றிக் கேட்கவே இல்லை, ஆனால் கொண்டுபோவீர்கள் என்று நினைக்கிறேன். சாதாரணப் பேதிக்கு அது வேண்டாம். உங்களுக்கு ஆபத்து கிருமியைவிட, அந்த நாளில் வழக்கம் போல விழுங்கும் மாத்திரைகள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டெல்மிசார்ட்டனும் மெட்ஃபார்மினும் சிறுநீரகத்தையும் ரத்த அமிலத்தன்மையையும் கெடுக்கும். டாபாகிளிஃப்ளோசின் இன்னும் மோசம்: சாப்பிட முடியாத நிலையில் அது கீட்டோஅசிடோசிஸை (ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்தான நிலை) உண்டாக்கக்கூடும், அதுவும் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே. மீட்டரைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். ஆகவே வாந்தியோ பேதியோ வந்து உணவு தங்காத நாளில் இந்த மூன்றையும் நிறுத்திவைத்து, ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்து ஒன்றிரண்டு நாள் கழித்துத் தொடங்குவது வழக்கம். உங்களுக்கு இது பொருந்துமா என்று கிளம்பும் முன் டாக்டரிடம் உறுதிசெய்யுங்கள். இன்சுலினை மட்டும் முழுக்க நிறுத்தாதீர்கள், அளவைக் குறைப்பதற்கும் அவரிடமே எண் வாங்குங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை, பொட்டலத்தில் சொன்ன அளவுத் தண்ணீரில், சிறுகச் சிறுகக் குடியுங்கள்; சர்க்கரை நோயாளிக்கும் அது தேவைதான். ரத்தம் கலந்து போனால், காய்ச்சல் இருந்தால், வாந்தி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், வயிற்று வலியோடு மூச்சு வேகமானால் ஓட்டல் அறையில் இருக்காதீர்கள்.

தடுப்பூசியில் இந்த நாடுகளுக்குப் பெரிய கட்டாயம் எதுவும் இல்லை. இன்ஃப்ளூயன்ஸா ஊசியைக் கிளம்ப இரண்டு வாரம் முன்பே இருவரும் போட்டுக்கொள்ளுங்கள்; நிமோனியா ஊசி போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

விமானத்தில் கால் ரத்தக் கட்டு பற்றி ஒன்று. தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுவதால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டாது என்று எண்ண வேண்டாம். அதற்கு ஆஸ்பிரினை நம்ப முடியாது. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் வழிப்பாதை ஓர இருக்கை வாங்குங்கள், அவ்வப்போது எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடி கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். அழுத்தக் காலுறை போடுவதானால் உங்கள் காலின் ரத்த ஓட்டத்தையும் உணர்வையும் டாக்டர் பார்த்த பிறகே. சர்க்கரை நோயில் மரத்த காலுக்கு இறுக்கமான காலுறை புண்ணை உண்டாக்கும். ஊருக்கு வந்து எட்டு வாரம் வரை ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்கால் வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய், நீண்ட விமானப் பயணம் செய்ததை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.